ஆரூரின் இரண்டு கன்றுகள்: தலபுராணங்களில் மரியாதையும் உரிமையும்

திருவாரூர்த் தியாகராசர் கோயிலைச் சுற்றி வழங்கும் தொன்மங்களில் இரண்டு கன்றுக்குட்டிகள் வருகின்றன. இரண்டும் இறந்துபோன கன்றுகள். ஒன்று சோழ இளவரசனின் தேர்க்காலில் சிக்கி மாண்டது. அதற்கு ஈடாக மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று ஊர் இன்றும் பெருமை கொள்கிறது. மற்றொன்று புலையர் கோலத்தில் வந்த இறைவனின் தோளில் கிடந்தது. அதைக் கண்டதும் வேள்விச் சாலையில் கூடியிருந்த வேதியர்கள் எழுந்து ஓடினார்கள்.

முதல் கன்றின் கதையை அறியாதார் தமிழ்நாட்டில் இல்லை. பாடநூல்களும் மேடைகளும் அதனை நீதியின் இலக்கணமாகச் சொல்லித் தந்துள்ளன. இரண்டாம் கன்றின் கதையோ காவிரிப் படுகையின் பக்தர் வட்டத்திற்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஒரே கோயிலின் மரபில் பிறந்த இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், சாதியைப் பற்றி இந்நிலத்தின் தலபுராணங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது புலனாகும். ஒடுக்கப்பட்டோருக்கு இத்தொன்மங்கள் அவ்வப்போது மரியாதையை வழங்குகின்றன. உரிமையை எங்கும் வழங்குவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் கன்று

மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில், திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் பகுதியில் பாடுகிறார். நூல் எழுந்தது 12-ஆம் நூற்றாண்டில். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்றும் இக்கதையைச் சொல்கிறது. இலங்கையின் மகாவம்சமோ இதே நிகழ்ச்சியை அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னன் மீது ஏற்றிச் சொல்கிறது. நீதி வழங்கும் அரசன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மக்கள் நெடுங்காலம் சுமந்துவந்த கதை இது என்பதில் ஐயமில்லை.

கதை எளியது. இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டிய மணியைக் கொம்பால் அசைக்கிறது. மன்னன் உண்மையை அறிகிறான். மகனைத் தேர்க்காலில் இடும்படி அமைச்சனுக்கு ஆணையிடுகிறான். அமைச்சன் அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரையே விடுகிறான். மன்னன் தானே தேரைச் செலுத்துகிறான். அப்போது இறைவன் வெளிப்பட்டுக் கன்றையும் இளவரசனையும் அமைச்சனையும் உயிர்ப்பிக்கிறான். கோயிலுக்கு வெளியே நிற்கும் கல்தேர் இக்கதையின் நினைவாக இன்றும் காட்டப்படுகிறது.

இக்கதையில் கன்று மீண்டும் எழுந்துவிடுகிறது. ஆகவே மாண்ட கன்றின் உடலை அப்புறப்படுத்த வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வாழ்க்கையில் இறந்த கன்றுகள் எழுவதில்லை. அவற்றைச் சுமந்து ஊருக்கு வெளியே கொண்டுபோக ஒருவர் வேண்டும். தோலை உரிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் சிற்றூர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேரியின் மீது சுமத்தின. சுமத்திவிட்டு, அந்த வேலையையே காரணம் காட்டிச் சேரியைத் தீட்டு என்றன. பசுவின் கண்ணீருக்கு மணி கட்டிய தொன்மத்தில், பசுவின் பிணத்தைச் சுமந்தவருக்கு ஒரு மணியும் கட்டப்படவில்லை.

இரண்டாம் கன்று

அந்த ஆள் வரும் கதை வேறொன்று. திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்திற்கு அருகே அரிசிலாற்றங்கரையில் அம்பர் மாகாளம் உள்ளது. கோயில் திருமாளம் என்றும் இவ்வூர் வழங்கப்படுகிறது. அறுபத்து மூவரில் ஒருவரான சோமாசிமாற நாயனாரின் ஊர் அம்பர். அவர் சோம வேள்வி செய்யும் அந்தணர். தம் வேள்விக்கு ஆரூர்த் தியாகராசர் நேரில் எழுந்தருள வேண்டும் என்பது அவருடைய ஆசை. இறைவனிடம் உரிமையோடு பேசக்கூடியவர் அப்போது ஆரூரில் பரவையாருடன் வாழ்ந்த சுந்தரர். சுந்தரரின் நட்பைப் பெறுவதற்காகச் சோமாசிமாறர் நாள்தோறும் தூதுவளைக் கீரையைக் கொண்டுவந்து பரவையார் வீட்டில் சேர்த்தார் என்று தலமரபு சொல்கிறது.

சுந்தரரின் வேண்டுகோளை ஏற்ற இறைவன், எந்த வடிவில் வருவேன் என்று சொல்லாமலே வரச் சம்மதிக்கிறான். வேள்வி நாளன்று அவன் புலையர் கோலத்தில் வருகிறான். தோளில் இறந்த கன்று. நான்கு வேதங்களும் நான்கு நாய்களாகி உடன் வருகின்றன. உமை கள்குடத்தைத் தலையில் சுமந்து வருகிறாள். பிள்ளைகள் இருவரும் சிறுவர்களாகப் பின்தொடர்கின்றனர். வேள்வி கெட்டது என்று வேதியர்கள் ஓடுகிறார்கள். வந்தவர் யார் என்பதை விநாயகர் உணர்த்த, சோமாசிமாறரும் அவர் மனைவியும் மட்டும் நின்று வணங்கி வரவேற்கிறார்கள். உடனே புலையர் கோலம் மறைந்து இறைவன் தன் உருவில் காட்சி தருகிறான். ஆண்டுதோறும் வைகாசி ஆயில்யத்தில் இதன் நினைவாக மாகாளத்தில் வேள்வி விழா நடைபெறுகிறது.

பெரியபுராணத்தில் இந்த வேள்விக் கதை இல்லை. அங்கே சோமாசிமாறர் சில பாடல்களில் பேசப்படும் அடியார் மட்டுமே. வேள்வி செய்தார், ஆரூர் சென்று சுந்தரரைப் பணிந்தார் என்பதோடு அவர் வரலாறு முடிகிறது. கள்குடமும் கன்றும் நாய்களும் தலபுராண மரபில் சேர்ந்தவை. ஏட்டுப் புராணம் சொல்லாமல் விட்டதை ஊர் சேர்த்துக்கொண்டது. வேதம் ஓதுவோர் ஓடியதையும், வேதங்களே நாய்களாய் நின்றதையும் துணிந்து சொல்லும் ஒரு கதை அந்தணர் ஊர்கள் நிறைந்த இப்படுகையில் எழுந்து நிலைத்தது என்பது சிறிய செய்தியன்று. சேரியின் குரல் எங்கோ ஓரிடத்தில் இதற்குள் புகுந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுவதில் தவறில்லை.

ஆனால் கதையின் முடிவையும் பார்க்க வேண்டும். புலையராக வந்தவர் புலையர் இல்லை. வேள்விச் சாலைக்குள் மெய்யான புலையர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. கோலம் கலைந்த பிறகே அருள் கிடைக்கிறது. வந்தவர் இறைவன் என்று தெரிந்ததால்தான் சோமாசிமாறர் வணங்கினார். இறைவனாக இல்லாமல் சேரியிலிருந்து வந்த ஓர் உழைப்பாளியாகவே அவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியைக் கதை கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்கள்.

ஒரு மணி நேரச் சாபம்

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட அரசிதழ் அதைப் பதிவுசெய்துள்ளது. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலும் அதை எடுத்தாள்கிறது. ஓடிய வேதியர்கள் மீது சினம் கொண்ட இறைவன், நாள்தோறும் நண்பகலில் ஒரு மணி நேரம் அவர்கள் பறையராகக் கடவது என்று சபித்தானாம். நன்னிலத்திற்கு மேற்கே சேதனிபுரத்தில் வாழ்ந்த ஒரு பிராமணப் பிரிவினர் அந்த வேதியர்களின் வழிவந்தோர் என்று பிறர் சொன்னார்கள். அவர்களுக்கு மத்தியானப் பறையர் என்று பெயரிட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டிற்கு வெளியே இருந்து, பின்னர் குளித்துத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதைப் பெரும்பாலோர் கடைப்பிடிக்காததால், ஆசாரம் மிக்க பிற பிராமணர்கள் அவர்களோடு உண்ண மறுத்தனர் என்றும் அரசிதழ் குறிக்கிறது.

சாதி எவ்வாறு சிந்திக்கிறது என்பதை இந்தச் சிறு கதையைப் போல வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது. இறைவன் ஏற்றுக்கொண்ட வடிவம் எதுவோ, அதே வடிவம்தான் தண்டனையாகவும் வழங்கப்படுகிறது. அவன் ஏற்றால் அது திருவிளையாடல். வேதியர் மீது விழுந்தால் அது சாபம். சேரியில் பிறந்தவருக்கு அது வாழ்நாள் முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும். வேதியரின் செருக்கைக் கண்டிக்கப் புறப்பட்ட கதை, கண்டிப்பதற்கான கோலாகவே நம் பிறப்பைக் கையில் எடுக்கிறது. பறையராக இருப்பதைவிட இழிந்த நிலை இல்லை என்று கதை சொல்வோரும் கேட்போரும் ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சாபம் சாபமாகும்.

மேலும், இச்சாபம் பிராமணர்களுக்குள்ளேயே ஒரு பிரிவினரைத் தாழ்த்தப் பயன்பட்டிருக்கிறது. படிநிலையின் ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தமக்குக் கீழே ஒருவரைத் தேடுகிறார். அண்ணல் அம்பேத்கர் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று பெயரிட்டது இதைத்தான்.

ஆரூரில் பிறந்தார் எல்லாரும்

தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களைக் கண்டு சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை என்பது மரபு. அதில் தனி அடியார்களோடு ஒன்பது தொகையடியார்களும் இடம்பெறுகின்றனர். அவர்களுள் ஒரு தொகை, திருவாரூர்ப் பிறந்தார். அவ்வூரில் பிறந்தவர் எல்லாருக்கும் அடியேன் என்று அறிவிக்கும் இந்தப் பரந்த மனம் பக்தி இயக்கத்தின் உயர்ந்த தருணங்களில் ஒன்று.

அந்த அறிவிப்புக்கு விளக்கம் போல அமைந்த கதை நமிநந்தியடிகளுடையது. ஏமப்பேறூர் அந்தணரான அவர் பங்குனி உத்தர விழாவின்போது, திருமணலிக்கு எழுந்தருளிய ஆரூர்ப் பெருமானின் பின்னே செல்கிறார். கூட்டத்தில் எல்லாக் குலத்தாரும் கலந்திருந்தனர். ஊர் திரும்பிய அவர், இழிகுலத்தார் தீண்டிய தீட்டு ஒட்டிக்கொண்டது என்று எண்ணி, குளிக்காமல் வீட்டிற்குள் நுழைய மறுத்து வெளியே அமர்கிறார். மனைவியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அப்படியே கண்ணயர்ந்தபோது இறைவன் கனவில் தோன்றி, ஆரூரில் பிறந்தோர் எல்லாரும் தன் சிவகணங்களே என்று உணர்த்துகிறான். மறுநாள் ஆரூருக்குச் சென்ற அவருக்கு ஊரார் அனைவரும் ஒளிமிக்க சிவகணங்களாகத் தெரிகின்றனர். அவர் தரையில் விழுந்து வணங்கித் தம் பிழையைப் பொறுக்க வேண்டுகிறார்.

தீட்டு என்பதைப் பிழை என்று ஓர் அந்தணர் ஒப்புக்கொள்வதை 12-ஆம் நூற்றாண்டின் காப்பியம் எழுதிவைத்துள்ளது. இதை நாம் மதிக்கிறோம். ஆயினும் சேக்கிழார் நேர்மையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார். சிவகணங்களாகத் தெரிந்தவர்கள் மறுகணம் தம் பழைய உருவத்திற்கே திரும்பிவிடுகின்றனர். காட்சி முடிந்தது. ஊர் முன்பு போலவே இருந்தது. கனவில் ஓர் இரவு, காட்சியில் ஒரு கணம், சாபத்தில் ஒரு மணி நேரம். ஆரூர்த் தொன்மங்களில் சமத்துவம் எப்போதும் கால வரையறையோடுதான் வருகிறது.

யானை மீது ஒரு நாள்

தொன்மத்தில் மட்டும் அன்று, சடங்கிலும் இதே ஒழுங்கைக் காணலாம். திருவாரூர்ப் பெருவிழாவில் பறையர் தலைவர் ஒருவர் இறைவனோடு யானை மீது ஏறிக் கவரி வீசி வரும் வழக்கம் இருந்ததாக, 1870-களில் வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதினார். தர்ஸ்டனின் நூலிலும் அக்குறிப்பு இடம்பெற்றது. யானையேறும் பெரும்பறையர் என்ற பட்டம் வட்டார வழக்கில் நினைவுகூரப்படுவதும் இம்மரபையொட்டியே.

இதற்கு ஆங்கிலேய ஆய்வாளர்கள் தந்த விளக்கம், பறையர்கள் ஒரு காலத்தில் உயர்ந்த நிலையில் இருந்தனர், இத்தகைய மரியாதைகள் அந்தப் பழைய நிலையின் எச்சங்கள் என்பது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914 வரை நடத்திய தமிழன் இதழில் இன்னும் ஆழமாகச் சென்றார். புராணங்களையும் சடங்குகளையும் தலைகீழாக வாசித்து, பறையர் என இழிக்கப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள் என்று நிறுவ முயன்றார். பக்தராகப் போற்றப்படும் நந்தனை அவர் ஓர் அரசனாகவே எழுதினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்பதும் ஏற்காததும் ஒருபுறம் இருக்கட்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கதையை நாமே திருப்பி எழுதலாம் என்ற துணிவை அவர் தந்தார்.

இவற்றோடு மற்றொரு விளக்கத்தையும் நாம் சேர்க்க வேண்டும். விழாவுக்கு உழைப்பு வேண்டும். தேர்வடம் பிடிக்க ஆள் வேண்டும். பறை முழங்க வேண்டும். பாதை செப்பனிட வேண்டும். ஆண்டு முழுவதும் கூலியின்றியோ குறைந்த கூலிக்கோ உழைப்பவர்களை ஒரு நாள், அவர்களில் ஒருவரை மட்டும், உயரத்தில் ஏற்றிக் காட்டுவது மேலோருக்குச் செலவில்லாத ஏற்பாடு. யானை மீது ஒருவர் ஏறிய அதே நாளில் அவருடைய உறவினர்கள் கோபுர வாசலுக்கு வெளியே நின்றார்கள். மரியாதை என்பது கொடுப்பவரின் கையில் இருப்பது. கொடுத்தவர் நினைத்தால் அடுத்த ஆண்டு நிறுத்தலாம். உரிமை அப்படிப்பட்டதன்று.

தோல் உள்ளே, தோலைத் தந்தவர் வெளியே

ஆரூரை விட்டுச் சற்று வடக்கே சென்றால், கொள்ளிடக் கரைக்கு உரியவரான திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் கதை இதே முடிச்சை இன்னும் தெளிவாகக் காட்டும். சேக்கிழார் அவருடைய தொண்டை விளக்கும்போது, கோயில் முழவுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அளித்தார் என்கிறார். அனைத்தும் இறந்த மாட்டிலிருந்து வருபவை. தோல் கருவறை அருகே முழங்கியது. தோலைப் பதப்படுத்திய கைகளுக்கு வாசல் திறக்கவில்லை.

திருப்புன்கூரில் அவர் வெளியே நின்றபடி காண்பதற்காக நந்தி விலகியது என்பது மரபு. கோயிலின் கல்நந்தி விலகி இருப்பதை இன்றும் காட்டுகிறார்கள். விலகியது நந்திதான், வாசல் அன்று. நந்தி விலகிய பின்னும் அவர் நின்ற இடம் மாறவில்லை. தில்லையிலோ தீக்குள் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே செல்ல முடிந்தது. அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட தீண்டத்தகாதோர் குறித்த ஆய்வு நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மூவரையும் மதித்த அவர், மதத்திற்குள் தனிமனிதர் பெறும் புகழ் ஒரு மக்களின் விடுதலை ஆகாது என்பதையும் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

கோயிலும் நிலமும்

இத்தொன்மங்கள் வெறும் கதைகளாக நிற்காமல் சமூக ஒழுங்காக நிலைத்ததற்குக் காரணம் நிலம். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் அங்கே வருகின்றன. பறையருக்கெனத் தனிச் சுடுகாடும் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரிப் படுகையில் வாழ்விடமும் சாவிடமும் பிரிக்கப்பட்டிருந்தன என்பதற்குக் கோயிலின் கல்லே சாட்சி.

அந்தச் சேரிகளின் உழைப்பில் விளைந்த நெல்தான் விழாக்களையும் அன்னதானங்களையும் தாங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோயில்களும் மடங்களும் மிராசுதார்களும் நிலவுடைமையின் பெரும்பகுதியைக் கைக்கொண்டிருந்தனர். பண்ணையாள்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. பி. சீனிவாசராவும் களப்பாள் குப்பு போன்ற உள்ளூர்த் தலைவர்களும் 1943 முதல் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தால், 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அத்தண்டனைகளை நிறுத்தியது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தக் கனவும் எந்தக் காட்சியும் செய்யாததைச் செங்கொடியின் கீழ் திரண்ட சேரி மக்கள் செய்தார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் நாம் அறிவோம். மனுநீதியின் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலம் படைத்த செல்வர்கள் தாங்களே நேரில் சென்று தீவைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் இருந்தது. ஒரு கன்றுக்காக இளவரசனைத் தேர்க்காலில் இட்ட கதையைப் போற்றும் நிலத்தில், 44 உயிர்களுக்காக ஒரு மிராசுதாரும் சிறையில் நிலைக்கவில்லை.

வாசலைத் திறந்தது எது?

கோயில் வாசல் திறந்த வரலாறும் தொன்மத்தின் வழி வந்ததன்று. 1936-இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவு அறிவிப்பு வெளியானது. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். அதே ஆண்டில் தஞ்சை அரண்மனை தேவத்தானக் கோயில்கள் திறக்கப்பட்டன. 1947-இல் சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் எல்லா இந்துக் கோயில்களிலும் நுழைந்து வழிபடும் உரிமையை அளித்தது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், கோயிலில் மட்டுமின்றி அதன் திருக்குளத்தில் நீராடுவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஆரூரில் பிறந்தார் எல்லாரும் என்ற சொற்களுக்கு நடைமுறைப் பொருள் தந்தது இச்சட்டங்களே.

நுழைவோடு போராட்டம் முடியவில்லை. அது இப்போது மரியாதை என்ற களத்திற்கு நகர்ந்துள்ளது. வேதாரண்யம் வட்டாரத்துப் பழங்கள்ளிமேட்டில் பத்திரகாளியம்மன் கோயில் விழாவில் ஒரு நாள் மண்டகப்படி கேட்ட தலித் மக்கள், அது மறுக்கப்பட்டதால், 2016-இல் மதம் மாறப்போவதாக அறிவித்தனர். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை 1990-களின் இறுதியிலிருந்து வழக்கும் தடையுமாக நீண்டது. தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024 சூனில்தான் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் காவல்துறைப் பாதுகாப்போடு ஓடியது. சேரி உழைப்பு தேரை இழுக்க வேண்டும் என்பது அன்றைய கட்டாயம். சேரியின் கை வடத்தில் படக்கூடாது என்பது இன்றைய தடை. முன்னதில் வடம் வேலையாக இருந்தது. இன்று அது உரிமையாகக் கோரப்படுகிறது. எதிர்ப்பு எழுவது இதனால்தான்.

இந்த இடத்தில் செயற்பாட்டாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய சட்டக் கூறு ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதோடு, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் அவற்றை நடத்துவதையும் தடுப்பதைத் தண்டனைக்குரிய வன்கொடுமையாக்கியுள்ளது. மண்டகப்படியும் தேர்வடமும் ஊர்ப்பெரியோரின் தயவு என்று பேசப்படும் ஒவ்வொரு அமைதிப் பேச்சுவார்த்தையிலும் இச்சட்டத்தை மேசை மீது வைக்க வேண்டும்.

தொன்மத்தை எப்படிப் படிப்பது?

தலபுராணங்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களின் முன்னோர் இக்கதைகளுக்குள் எங்கெங்கோ நிற்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை. ஆய்வு மாணவர்கள் ஒரு தொன்மத்தை எடுத்துக்கொள்ளும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒடுக்கப்பட்டவர் எங்கே நிற்கிறார்? இடம்பெயர்வது யார், அவரா, இறைவனா, கல்நந்தியா? அவர் உள்ளே ஏற்கப்படுமுன் எதை இழக்கிறார்? மறுநாள் காலையில் ஊரில் என்ன மாறியிருக்கிறது?

இக்கேள்விகளை ஆரூருக்குக் கேட்டால் விடை ஒன்றுபோலவே வருகிறது. அவர் வெளியே நிற்கிறார். இறைவன் வருகிறான், அல்லது நந்தி விலகுகிறது. உள்ளே போக அவர் தன் உடலையே இழக்கிறார். மறுநாள் ஊர் பழையபடி இருக்கிறது.

ஊரைப் பழையபடி இருக்க விடாதவர்கள் கதைகளுக்கு வெளியே இருந்து வந்தார்கள். 1920-களில் மகாராட்டிரத்தில் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடுமாறு மகர் மக்களை அழைத்தார். 2016-இல் குசராத்தின் உனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, அவர்களின் மக்கள் மாட்டுப் பிணங்களை அரசு அலுவலகங்களின் முன் கொண்டுபோய்ப் போட்டு, உங்கள் பசுவை நீங்களே புதையுங்கள் என்றனர்.

மாகாளத்தில் இறைவன் தோளில் ஏற்றிக்கொண்ட கன்று ஒரு வேள்வியைக் கலைத்தது. உனாவில் தோளிலிருந்து இறக்கிவைக்கப்பட்ட சுமை ஓர் ஒழுங்கையே அசைத்தது. நம் தோளில் ஏற்றப்பட்ட சுமையை இறைவன் ஒரு நாள் வாங்கிச் சுமந்தான் என்பது ஆறுதல். அதை எவர் தோளிலும் பிறப்பின் பெயரால் ஏற்ற முடியாது என்பதே நீதி. காவிரிப் படுகையின் கோயில்களில் நாம் கேட்பது அந்த நீதியை. யானை மீது இன்னொரு நாளை அன்று.